இரைச்சலை விழுங்கும் இரும்புத் தூள்

2025-ம் வருஷம் மார்ச் மாதத்தில் இந்திய சர்க்கார், எலக்ட்ரானிக் உறுப்புக்களை இந்நாட்டிலேயே செய்விப்பதற்கென்று 22,919 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு அனுமதி அளித்தனர். அதுமுதல் சில்லுகளைப் பற்றியும், திரைகளைப் பற்றியும், காமிராக்களைப் பற்றியும் பேச்சு ஓயவில்லை. பேசவேண்டிய விஷயங்களே அவை. ஆயினும், கைப்பேசியையோ மடிக்கணினியையோ பழுது பார்ப்பவன் பிரிக்கும்போது, சில்லின் தலைமீதும் நாடாப் போன்ற கம்பிகளின் மீதும் ஒட்டப்பட்டுக் கிடக்கும் சாம்பல் நிறமான மெல்லிய தாள் ஒன்றைப் பலவிடத்துக் காணலாம். தொட்டால் ரப்பரைப் போல் வளையும். பார்வைக்கு ஒரு சிறப்பும் இல்லை. அதைப் பற்றி எந்த மேடையிலும் எவரும் பேசக் கேட்டிலோம். தேசத்தின் தொழிற்கொள்கைக்கு இன்று கற்கவேண்டிய முதற்பாடம் அந்தத் தாளிலேயே இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். அதனை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தத் தாள் செய்யும் வேலை யாது? மின்காந்த இரைச்சலை விழுங்குவது. காதுக்குக் கேட்கும் இரைச்சலன்று இது. மின்சாரம் ஒரு கம்பியில் விட்டுவிட்டு ஓடும்போதெல்லாம் அக்கம்பி, தான் விரும்பாமலே, ஒரு சிறு ரேடியோ நிலையமாகி அலைகளை வீசுகிறது. பழைய ரேடியோப் பெட்டிக்கு அருகில் மாவரைக்கும் மோட்டாரை ஓட்டினால் பாட்டு மறைந்து கரகரப்பு எழுவதை நம்மில் பலர் அறிவோம். பழைய முறைக் கைப்பேசியை ஒலிபெருக்கியின் பக்கத்தில் வைத்தால், மணி அடிக்குமுன்னே 'டக டக' என்றொரு துடிப்பு எழுவதும் யாவரும் அறிந்ததே. ஒரு சாதனத்தின் பேச்சு மற்றொரு சாதனத்தின் செவியில் நுழைந்துவிடுகிறது. இதுவே மின்காந்த இரைச்சல்.

மோட்டார் காலத்தில் இத்தொல்லை அக்கம்பக்கத்துத் தகராறாக இருந்தது. இக்காலத்திலோ ஒரே வீட்டுக்குள் மூண்ட சச்சரவாகிவிட்டது. உள்ளங்கையளவுள்ள ஒரு கைப்பேசிக்குள், ஒரு விநாடிக்கு நூறு கோடிக் கணக்கான முறை துடிக்கும் கணக்குச் சில்லு இருக்கிறது. திரைக்கும் காமிராவுக்கும் செல்லும் அதிவேகக் கம்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஓர் அங்குலத் தொலைவிலேயே, சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வழிகாட்டித் துணைக்கோளிலிருந்து வரும் மிக மெல்லிய குரலைக் கேட்கவேண்டிய ஏற்பியும் இருக்கிறது. சந்தையின் நடுவே நின்றுகொண்டு அடுத்த ஊரில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கச் சொல்வதற்கு இது ஒப்பாகும். கணினிகளின் புதிய அதிவேக யு.எஸ்.பி. இணைப்பு எழுப்பும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் கம்பியில்லாச் சாதனங்களைத் தடுமாறச் செய்கிறதென்று இண்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. தன் கை தன் கண்ணைக் குத்தும் நிலை இஃதன்றி வேறென்ன?

உலக நாடுகள் இத்தொல்லையை அலட்சியம் செய்யவில்லை. ரேடியோ இடையூறுகளை ஆராய்வதற்கென்று 1934-லேயே 'சிஸ்பர்' என்னும் சர்வதேசக் குழு கூடியது. கணினி முதலிய சாதனங்கள் வீசும் இரைச்சலுக்கு அமெரிக்கா 1979-ல் எல்லை விதித்தது. ஜப்பானியத் தொழிலதிபர்கள் 1985-ல் தாமாகவே கூடித் தமக்கு ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். ஐரோப்பிய சமூகம் 1989-ல் செய்த சட்டம் 1996 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. வான்வெளி யாவர்க்கும் பொதுவான ஏரி. அதில் தன் வீட்டுக் கழிவை விட ஒருவனுக்கும் உரிமையில்லை என்னும் நியாயமே இச்சட்டங்கள் யாவற்றுக்கும் அடிப்படை.

இரைச்சலை அடக்குவது எங்ஙனம்? எளிதில் தோன்றும் வழி, சத்தம் செய்யும் உறுப்பை உலோகப் பெட்டியால் மூடிவிடுவது. பல இடங்களில் இது நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் உலோகம் அலையைத் திருப்பி அனுப்புகிறதேயன்றி அழிப்பதில்லை. பெட்டிக்குள் அகப்பட்ட அலை சுவருக்குச் சுவர் மோதி, பெட்டியின் அளவுக்கு இசைந்த அதிர்வெண்ணில் முன்னிலும் வலுத்து, ஒரு சிறு இடுக்குக் கிடைத்தாலும் வெளியே பாய்கிறது. வாசலில் நிற்கும் சண்டைக்காரனைத் துரத்தினால் அவன் அடுத்த தெருவில் போய்ச் சண்டையிடுவான், சண்டை தீர்ந்ததாகாது. அலையின் சக்தியை வாங்கிச் செரித்து, சிறிது வெப்பமாக மாற்றிவிடும் பொருளொன்று வேண்டும். அந்தப் பொருள்தான் காந்தத் தூள் கலந்த இந்தத் தாள்.

இங்கே ஓர் அதிசயத்தைக் கவனிக்கவேண்டும். மின்சார சாஸ்திரம் தோன்றிய நாள்முதல் காந்தப் பொருள்களில் ஏற்படும் சக்தி நஷ்டத்தைக் குறைப்பதற்கே பொறியாளர் பாடுபட்டு வந்திருக்கின்றனர். மின்மாற்றியில் அந்த நஷ்டம் எதிரி. இரைச்சலை அடக்கும் தாளிலோ அந்த நஷ்டமே நாம் விலை கொடுத்து வாங்கும் சேவை. எங்கே நஷ்டம் நேரவேண்டும், எந்த அதிர்வெண்ணில் நேரவேண்டும் என்று அதை ஏவி வேலை வாங்குவதே இக்கலையின் சாரம்.

அந்த நஷ்டம் எப்படி உண்டாகிறது? காந்தப் பொருளுக்குள் எண்ணிறந்த நுண்ணிய காந்தங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மாறு காந்தப் புலத்துக்கேற்ப அவை இப்புறமும் அப்புறமும் அசைகின்றன. தாளத்துக்கேற்பக் கும்மியடிப்பவர் சுழல்வதுபோல என்று சொல்லலாம். தாளம் மெதுவாக இருக்குமளவும் கால்கள் பிசகாமல் செல்லும். தாளம் விரைய விரைய ஓரிடத்தில் கால்கள் பின்தங்கும், உடல் வியர்க்கும். காந்தத் துணுக்குகளும் அவ்வாறே ஒரு வேகத்துக்குமேல் அலையைத் தொடரமாட்டாமல் பின்தங்குகின்றன. அப்போது அலையின் சக்தி அவற்றில் வெப்பமாகக் கழிகிறது. கைப்பேசி இரைச்சலில் உள்ள சக்தி மிகச் சொற்பமாதலால் அந்த வெப்பத்தை நாம் உணர்வதில்லை. துணுக்குகள் பின்தங்கும் வேகமும் இரைச்சலின் அதிர்வெண்ணும் ஒன்றாக அமைந்துவிட்டால் இரைச்சல் தாளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படியாயின் ஒரு இரும்புத் தகட்டை ஒட்டிவிட்டால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. இரும்பு காந்தத்துக்கு நன்றாக வசப்படும். ஆனால் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். விரைந்து மாறும் காந்தப் புலம் அதன்மேல் பட்டவுடன் அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து புலத்தை உள்ளே புகவொட்டாமல் தடுத்துவிடுகின்றன. கிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள அலை இத்தகைய உலோகங்களின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குமேல் செல்வதரிது. மீதியிருக்கும் இரும்பு முழுவதும் வெறும் பாரமே. ஆகவே காந்தத்துக்கு வசப்படவும் வேண்டும், மின்சாரத்தைக் கடத்தாமலிருக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டு குணங்களையும் ஒரே பொருளில் சேர்ப்பதற்கு மனிதர் பட்ட பாட்டின் கதை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் கதை.

அதன் முதல் அத்தியாயம் டோக்கியோவில் நடந்தது. 1930-ல் டோக்கியோ தொழிற்கலாசாலையில் காட்டோ யோகோரோ என்னும் பேராசிரியரும் தாகெய் தாகெஷி என்னும் அவருடைய சகாவும், இரும்புத் துருவோடு வேறு உலோகங்களின் ஆக்ஸைடுகளைச் சேர்த்துச் சுட்டு, 'ஃபெரைட்' என்னும் காந்த ஓட்டை உண்டாக்கினர். பீங்கான் போன்ற அந்த ஓடு மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆயினும் காந்தத்துக்கு வசப்படும். முரண் தீர்ந்தது. ஆனால் இதைக் கொண்டு தொழில் நடத்தலாமென்று உடனே எவரும் முன்வந்தாரில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, அங்கோரா முயல்ரோமத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஸைட்டோ கென்ஸோ என்னும் அகிட்டா மாகாணத்தவர் காட்டோவை அணுகினார். பேராசிரியர் தமது கண்டுபிடிப்பை அவரிடம் ஒப்புவித்தார். 1935 டிசம்பரில் ஃபெரைட்டைச் செய்வதற்கென்றே ஒரு கம்பெனி தோன்றிற்று. இன்று டி.டி.கே. என்று உலகெங்கும் வழங்கும் நிறுவனம் அதுவே. ரேடியோப் பெட்டியின் சுருள்களில் அதன் பணி தொடங்கிற்று. மடிக்கணினிக் கம்பிகளின் நுனிக்கருகே உருளை வடிவில் ஒரு வீக்கம் காண்கிறோமே, அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த ஃபெரைட்டே. கம்பி வழியே தப்பியோடும் இரைச்சலை அங்கே மடக்கிப் பிடிக்கிறது.

இரண்டாவது அத்தியாயம் ஹாலந்து தேசத்தில் நடந்தது. ஐண்ட்ஹோவன் நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் ஸ்நூக் என்னும் விஞ்ஞானி ஃபெரைட்டின் எல்லைகளை அளந்து 1948-ல் ஒரு விதியை வெளியிட்டார். எளிதில் காந்தத்துக்கு வசப்படும் ஃபெரைட் குறைந்த அதிர்வெண்ணிலேயே களைத்துவிடும். உயர்ந்த அதிர்வெண்வரை தாங்கும் ஃபெரைட் காந்தத்துக்கு எளிதில் வசப்படாது. இரண்டையும் ஒருங்கே பெற இயலாது என்பதே அவ்விதியின் கருத்து. மாங்கனீஸும் துத்தநாகமும் சேர்ந்த ஃபெரைட் சில மெகாஹெர்ட்ஸ் அளவிலும், நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த ஃபெரைட் நூறு மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அளவுகளிலும் திறமை காட்டுகின்றன. கிகாஹெர்ட்ஸ் வீதிக்கு வரும்போது இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. கைப்பேசி வாழ்வதோ அந்த வீதியில்தான்.

ஸ்நூக்கின் எல்லையைத் தாண்டுவதற்கு மறுபடியும் உலோகத்தையே நாடவேண்டியிருந்தது. உலோகத்தின் காந்த பலம் ஃபெரைட்டைவிடச் சில மடங்கு அதிகம்; ஆகையால் அதன் எல்லையும் உயர்ந்தது. தடையாக நின்றது சுழல் மின்னோட்டம் ஒன்றே. அதற்குப் பரிகாரம், உலோகத்தை நுண்ணிய தூளாக்கி, ஒவ்வொரு துணுக்கையும் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ தனித்தனியே பொதிந்துவிடுவது. துணுக்குக்குத் துணுக்கு மின்சாரம் தாவாது. காந்தம் மட்டும் தாவும். கூட்டுப் பொருள் என்பதன் தத்துவம் இதுதான். ஒரு பொருளால் ஆகாததை, குணம் மாறுபட்ட இரண்டு பொருள்களைச் சேர்த்து முடித்துக்கொள்வது.

ஆனால் உருண்டைத் தூளைக் கலந்தால் பயன் சொற்பம். துணுக்குகளுக்கிடையே உள்ள வெற்றிடங்களில் காந்தப் புலம் முறிந்து முறிந்து போகிறது. துணுக்கைத் தட்டிச் செதிலாக்கிவிட்டால் நிலை மாறுகிறது. செதிலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அலை புகக்கூடிய ஆழமும் அவ்வளவே. ஆகவே உலோகம் வீணாவதில்லை. செதில்கள் யாவும் பாய் விரித்தாற்போல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் காந்தப் புலம் செதில் வழியே தடையின்றி ஓடும். வட்டமான துணுக்குக்கு ஸ்நூக் வகுத்த எல்லையையும் தட்டையான செதில் தன் வடிவத்தின் பலத்தாலேயே தாண்டுகிறது. பொருள் மாறவில்லை, வடிவம் மாறிற்று, குணம் உயர்ந்தது.

இச்செதில்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் உலோகக் கலவையின் கதையே நமது வாதத்தின் மையம். வட ஜப்பானில் செண்டாய் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள தோஹோக்குச் சர்வகலாசாலையில் 1930-களில் மாஸுமோட்டோ ஹகாரு என்பவர், நூற்றுக்குச் சுமார் 85 பங்கு இரும்பும், ஒன்பது பத்துப் பங்கு சிலிக்கனும், ஐந்து ஆறு பங்கு அலுமினியமும் சேர்ந்த கலவை காந்தத்துக்கு மிக எளிதில் வசப்படுவதைக் கண்டார். ஆனால் அது கண்ணாடி போல் நொறுங்கும். தகடாக அடிக்கவோ கம்பியாக இழுக்கவோ முடியாது. வேறொருவராயின் குப்பையில் எறிந்திருப்பர். அவரோ, நொறுங்குவதாயின் தூளாகவே பயன்படட்டும் என்று கொண்டார். ஊரின் பெயரோடு தூள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து அதற்கு 'செண்டஸ்ட்' என்று பெயரிட்டனர். குறையையே பெயராகச் சூட்டிக்கொண்ட பொருள் அது.

அந்தச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியைத் தொழிலாக்குவதற்கென்று 1938-ல் செண்டாயில் ஓர் உலோகக் கம்பெனி தோன்றியது. பிற்காலத்தில் டோக்கின் என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்தாரே 1990-களில், செதிலாக்கிய காந்தத் தூளைப் பாலிமரில் பொதிந்து, வளையக்கூடிய இரைச்சல் அடக்கும் தாளைச் சந்தைக்குக் கொண்டு வந்தனர். மாஸுமோட்டோவின் காலத்தில் கைப்பேசியும் இல்லை, கணினியும் இல்லை. ஒரே ஊரில் விதைத்த விதை அறுபது ஆண்டு கழித்து, விதைத்தவர் கனவிலும் காணாத பயிராக விளைந்தது. இத்தாள்களை அளந்து பார்க்கும் முறைக்கென்று 2006-ல் சர்வதேச மின்தொழில் நுட்பக் கமிஷன் 62333 என்ற எண்ணுடைய தரவிதிகளை வெளியிட்டது. ஓர் ஊரின் தூள் உலகத்தின் சட்டமாயிற்று.

இப்போது நாம் சொல்லவந்த விஷயத்துக்கு வருவோம். இந்தத் தாளில் இருப்பவை எவை? இரும்பு, சிலிக்கன், அலுமினியம், ரப்பர். பூமியின் மேலோட்டில் மிகுதியாகக் கிடைக்கும் மூலகங்களின் வரிசையில் முன்னிற்பவை இம்மூன்றும். 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் அரிய மண் உலோகங்கள் ஏழுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது நமது மோட்டார்த் தொழில் கலங்கிற்று. அங்கே, சுரங்கத்திலிருந்து சுத்திகரிப்புவரை பொருள் பிறர் கையில் இருக்கிறதென்று சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமாவது உண்டு. இந்தத் தாளின் விஷயத்தில் அந்தச் சமாதானமும் இல்லை. இதற்கு வேண்டிய மண் நம்மிடம் இருக்கிறது. வேண்டிய இரும்பு இருக்கிறது. அரிதாயிருப்பது, தூளை எத்தனை நாழிகை அரைத்தால் செதில் உடையாமல் தட்டையாகும், எந்த வெப்பத்தில் சுட்டால் அரைத்தபோது ஏறிய இறுக்கம் தணியும், ரப்பரில் எத்தனை பங்கு தூளைச் சேர்த்தால் செதில்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தாமலிருக்கும் என்னும் கைப்பக்குவம். அந்தப் பக்குவத்தை எந்தக் கப்பலிலும் இறக்குமதி செய்யமுடியாது. ஆண்டுக்கணக்கில் செய்து கெடுத்து, கெடுத்துச் செய்து பெறவேண்டியது அது.

இதற்கு மாறாகச் சில ஆட்சேபங்கள் கூறப்படும். முதலாவது, சில பைசா விலையுள்ள ஒரு தாளுக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு, வாங்கிக்கொள்ளலாமே என்பது. வாங்கலாம், இன்று வாங்கியே வருகிறோம். ஆனால் தாளின் விலை வேறு, தாளில்லாமையின் விலை வேறு. இரைச்சல் எல்லையைத் தாண்டிய சாதனத்துக்கு ஐரோப்பியச் சந்தையில் இடமில்லை. முடிந்துபோன சாதனமொன்று சோதனைச் சாலையில் தோற்கும்போது, எந்த அதிர்வெண்ணில் எந்தத் தாளை எங்கே வைப்பது என்று அறிந்தவன் ஒரு நாளில் அதைச் சீர்ப்படுத்துகிறான். அறியாதவன் கடல் கடந்து கடிதம் எழுதிக் காத்திருக்கிறான். பொருளைச் செய்யத் தெரிந்தவனுக்கே அதைப் பயன்படுத்தும் நுட்பமும் முழுமையாக விளங்கும்.

இரண்டாவது ஆட்சேபம் பொறியாளர்களிடமிருந்து வருவது, மதிக்கத்தக்கது. மின்சுற்றை முதலிலேயே நன்றாக வகுத்தால் இரைச்சல் பிறக்கவே பிறக்காது. தாள் ஒட்டுவதெல்லாம் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல என்கின்றனர். இதில் உண்மை உண்டு. நல்ல வகுப்புக்கு ஈடாகத் தாளைக் கொள்வது பிழையே. ஆயினும், சாதனங்கள் ஆண்டுக்காண்டு மெலிந்து, உறுப்புக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வரும்போது, எவ்வளவு திறமையாக வகுத்தாலும் மிச்ச இரைச்சல் சிறிதேனும் நின்றுவிடுகிறது. அந்த மிச்சத்துக்கே இந்த மருந்து. பத்தியம் இருக்கவேண்டுமென்பதால் மருந்தே கூடாதென்று எந்த வைத்தியரும் சொல்லார்.

மூன்றாவதாக, இது தனியார் முதலாளிகள் கவனிக்கவேண்டிய விஷயம், சர்க்காருக்கு இதில் வேலையென்ன என்று கேட்பாருமுளர். டோக்கியோவிலும் செண்டாயிலும் நடந்ததைப் பார்க்கட்டும். விதை சர்வகலாசாலையில் விழுந்தது. அது பொதுப்பணத்தால் உழுத நிலம். பயிரை வளர்த்தவர் தொழிலதிபர். இரண்டுக்கும் நடுவே நம்பிக்கையென்னும் பாலம் இருந்தது. காட்டோ தமது கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்திருந்தாலும், ஸைட்டோ முயல்ரோமத்தோடு நின்றிருந்தாலும் கதை முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

நம் நாட்டில் விதையும் இல்லை, நிலமும் இல்லை என்று புலம்புவது பொய். சென்னைத் தரமணியில், மின்காந்த இரைச்சலை அளப்பதிலும் அடக்குவதிலும் பழகிய 'சமீர்' என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் மையம் இருக்கிறது. உலோகத் தூள் சாஸ்திரத்துக்கென்றே ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையிலும் அதற்குக் கிளையுண்டு. இமாசலப் பிரதேசத்தில் ஃபெரைட் செய்யும் ஆலை நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி லக்ஷக்கணக்கில் கைப்பேசிகள் கோக்கப்படுகின்றன. அளக்கத் தெரிந்தவர் ஓரிடம், தூளரைக்கத் தெரிந்தவர் ஓரிடம், தாளைச் செலவழிப்பவர் ஓரிடம். மூவரையும் ஒரு மேஜையில் உட்காரவைப்பார் யார் என்பதே கேள்வி. மாலைக்குப் பூவும் இருக்கிறது, நாரும் இருக்கிறது; தொடுக்கும் கைதான் இல்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, உறுப்புக்களுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கையேனும், அவ்வுறுப்புக்களுக்கு மூலமான பொருள்களின் ஆராய்ச்சிக்குப் பத்து, பதினைந்து ஆண்டுத் தவணையில் ஒதுக்கவேண்டும். ஒரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிடைத்தது என்னும் கணக்கால் இதனை அளக்கலாகாது. அக்கணக்கால் அளந்திருந்தால் மாஸுமோட்டோவின் நொறுங்கும் உலோகம் அன்றே கழிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, இரைச்சலை அளக்கும் சோதனைச் சாலைகளின் கதவுகள் சிறு தொழிலாளருக்குத் திறந்திருக்கவேண்டும். அலைகள் சுவரில் பட்டுத் திரும்பாதபடி உட்புறம் முழுவதும் அலை உண்ணும் பொருள் பதித்த அறையொன்றைக் கட்டுவது பெருஞ்செலவுள்ள காரியம். அம்பத்தூரிலோ கோயமுத்தூரிலோ பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவன் அதைத் தனியே கட்டமாட்டான். ஏரியைப் போல், சாலையைப் போல், அது பொதுச் சொத்தாயிருப்பதே முறை. நியாயமான கட்டணத்தில், நீண்ட நாள் காத்திராமல் அவன் தன் சாமானைச் சோதித்துக்கொள்ள வழிசெய்யவேண்டும்.

மூன்றாவது, சட்டத்தைப் பற்றியது. 2012-ல் எலக்ட்ரானிக் சாமான்களுக்காக வந்த கட்டாயப் பதிவு உத்தரவு, மின்சார அதிர்ச்சி, தீ முதலியவற்றிலிருந்து ஜனங்களைக் காக்கும் பாதுகாப்பையே முக்கியமாகக் கருதியது. தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கு 2019 முதல் வந்த கட்டாயச் சோதனையில் மின்காந்த இரைச்சலும் சேர்க்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் இரைச்சல் செய்வன தொலைபேசிகள் மட்டுமா? மலிவான விளக்குகளும், மின்கலம் ஏற்றும் சாதனங்களும் அதே வான்வெளியில்தான் கத்துகின்றன. எல்லாச் சாமான்களுக்கும் நியாயமான எல்லை விதித்து, போதிய அவகாசம் கொடுத்து, பிறகு தாட்சணியமின்றி நடத்தவேண்டும். ஐரோப்பிய சட்டம் 1989-ல் பிறந்து ஆறு ஆண்டுகளுக்குமேல் கழித்தே கட்டாயமாயிற்றென்பதை நமது அதிகாரிகள் நினைவுகூர்வது நலம். இத்தகைய சட்டம் வந்தால் தாளுக்குத் தேவை பிறக்கும். தேவை பிறந்தால் செய்பவனும் பிறப்பான்.

இச்சந்தர்ப்பத்தில் பொதுஜனங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியின் முதுகில் ஒட்டிக்கொண்டால் கதிர்வீச்சிலிருந்து உடலைக் காக்கும் என்று சொல்லிச் சில வில்லைகள் விற்கப்படுகின்றன. மேலே விவரித்த தாளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கற்பிக்க வியாபாரிகள் முயலக்கூடும். வேண்டாத இரைச்சலைக் கைப்பேசியின் உள்ளே, பிறக்குமிடத்திலேயே, அளந்து அடக்குவது தாளின் வேலை. வேண்டிய அலையை அது தொடக்கூடாது. வேண்டிய அலையை மறிக்கும் எதையேனும் வெளியே ஒட்டினால், எட்டாத கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி இன்னும் உரக்கக் கூவும், அவ்வளவே. இத்தகைய வில்லைகளை விற்றவர்கள்மீது அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2002-லேயே வழக்குத் தொடர்ந்தது. மெய்யான சாஸ்திரத்தின் நிழலில் பொய்யான சரக்கு விலைபோவது எந்நாட்டிலும் உண்டு. அளவைக் காட்டு, அதிர்வெண்ணைக் காட்டு, சோதனைத் தாளைக் காட்டு என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் அச்சரக்கு தானே மறையும்.

நமது தொழிலாளருக்கும் இதே அளவுகோலை நீட்டுகிறோம். இந்நாட்டில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக மட்டமான தாளை எவரும் வாங்கவேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம். காந்தத் தூள் தேசம் பார்த்து வேலை செய்வதில்லை. 62333-ம் எண் தரவிதிப்படி அளந்து, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு இரைச்சலை உண்கிறதென்று எழுதிக் காட்டி, ஜப்பானியத் தாளின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நிற்கத்தக்கதாயிருந்தால் மட்டுமே அது நமக்குப் பெருமை. அத்தகைய ஒன்றைச் செய்ய முதல் முயற்சியில் முடியாது, மூன்றாவதிலும் முடியாதிருக்கலாம். முடியாத அந்த ஆண்டுகளில் ஆராய்ச்சியாளனைக் கைவிடாமலிருப்பதே சர்க்காருக்கும் முதலாளிக்கும் ஏற்பட்ட கடமை.

கோத்து முடிப்பது தொழிலின் கடைசிப் படி. அதில் நாம் முன்னேறியிருக்கிறோம். அதைக் குறைத்துப் பேச நமக்கு எண்ணமில்லை. ஆனால் கடைசிப் படியில் நிற்பவனைக் கீழேயிருக்கும் படிகளின் சொந்தக்காரன் எந்நேரமும் அசைக்கமுடியும். சில்லுத் தொழிற்சாலைகளுக்குக் கால்கோள் நடத்தும் கைகள், இரும்பையும் சிலிக்கனையும் அலுமினியத்தையும் அரைத்துச் செதிலாக்கும் ஒரு சிறு ஆலைக்கும் அடிக்கல் நாட்டட்டும். அதன் திறப்பு விழாவுக்குக் கூட்டம் சேராது; அங்கே செய்த தாளைக் கண்ணால் காண்பாரும் அரியர். இருபது ஆண்டு கழித்து நமது கைப்பேசிகளுக்குள் அது சத்தமின்றி வேலை செய்துகொண்டிருக்குமாயின், இன்று ஒதுக்கிய பணத்தில் மிக நன்றாகச் செலவழிந்த பங்கு அதுவேயென்று நமக்குப் பின்வருவோர் சொல்லுவர்.